பின்னலும் குவில்டிங்கும் சேர்ந்த மஃப்ளர்: அடுக்கித் தைப்பதா, ஓரத்திலிருந்து பின்னுவதா?

பின்னலையும், துணி அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கையால் தைக்கும் குவில்டிங்கையும் ஒரே மஃப்ளரில் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. முழு நீளத்துக்கும் பின்னிய பட்டையின் பின்புறத்தில், அதே அளவுள்ள குவில்ட் துணியை வைத்துத் தைப்பது ஒன்று. நடுப்பகுதியை மட்டும் குவில்ட் செய்து, அதன் இரு முனைகளிலிருந்தும் கண்ணிகளை (பின்னல் வளையங்களை) எடுத்து, வரிவரியாக மேடும் பள்ளமுமாக அமையும் ரிப் பின்னலாக வளர்த்துக்கொண்டு போவது மற்றொன்று. இரண்டு விதமாகவும் செய்து அணிந்த பிறகு, நான் இரண்டாவது முறையையே தேர்ந்துகொண்டேன்.

கதகதப்பில் முதல் முறைதான் மேல் என்பதில் ஐயமில்லை. கம்பளி உறுத்தும் தோல் உள்ளவர்களுக்கு, கழுத்தைத் தொடும் பக்கம் முழுவதும் பருத்தியாக இருப்பதும் ஆறுதலே. ஆனால் மஃப்ளர் கழுத்து வியர்வையும் முகப்பூச்சும் படியும் பொருள். அடிக்கடி துவைத்தாக வேண்டும். அந்த ஒரு காரியத்தில்தான் இரண்டு முறைகளும் வெகுவாக வேறுபடுகின்றன.

பின்னல் எல்லாப் பக்கமும் நீளும். நெய்த துணி, மூலைவாட்டில் இழுத்தாலொழிய, ஏறக்குறைய நீளாது. ஈரமான பின்னல் தன் எடையாலேயே தொய்யும்போது, பின்னால் உள்ள துணி அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் ஓரத் தையல் இழுபடுகிறது, பட்டை முறுக்கிக்கொள்கிறது. உள்ளே புதிய பருத்திப் பஞ்சு விரிப்பு வைத்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். அது முதல் சலவையில் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும் என்பதால், ஒன்றரை மீட்டர் நீளத்தில் 4.5 முதல் 7.5 செ.மீ. வரை குறையக்கூடும், மேலே உள்ள பின்னலோ அந்த அளவுக்குக் குறையாமல் அலையலையாக எழும்பி நிற்கும். பின்னலையும் சேர்த்துக் குத்தி ஓட்டுத் தையல் போட்டால் இரண்டும் ஒன்றாக நிற்குமே என்று தோன்றலாம். அப்படிப் போடும் தையல் பின்னலுக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போவதோடு, நீட்சியில்லாத அந்த நூல் பட்டையை இழுக்கும்போது அறுந்தும் விடுகிறது.

இஸ்திரியிலும் இதே முரண்தான். பருத்திக்கு நல்ல சூடு வேண்டும். நம் கடைகளில் ‘வூல்’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் அக்ரிலிக் நூலோ அந்தச் சூட்டில் துவண்டு தன் உருவத்தை இழந்துவிடும். அடுக்கித் தைத்ததில் ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றைக் கசங்கலாகவே விட வேண்டியிருக்கும். ஓரத்தில் பின்னியதில் நடுப்பகுதியை மட்டும் தேய்த்து, பின்னலைத் தொடாமல் விட்டுவிடலாம்.

நடுப்பகுதிக்குப் பழைய பருத்திப் புடவையை மூன்றடுக்காக மடித்து, வங்காளத்துக் காந்தா முறையில் பஞ்சில்லாமல் ஓட்டுத் தையல் போடுவதையே விரும்புகிறேன். பலமுறை துவைத்த துணியில் இனிச் சுருங்குவதற்கு அதிகமில்லை, காய்வதற்கும் நேரம் பிடிக்காது. 20 செ.மீ. அகலமுள்ள முனையை உள்மடித்துத் தைத்தபின், உறுதியான நூலால் அரை செ.மீ.க்கு ஒன்றாகப் பிளாங்கெட் தையல் (ஓரத்தில் நூல் வளையம் அமையும் தையல்) போட்டால், ஊசியில் எடுக்க ஏறக்குறைய 40 வளையங்கள் கிடைக்கும். முதல் வரிசையில் இரண்டு கண்ணிகளைக் கூட்டி 42 ஆக்கிக்கொண்டால், இரண்டு நேர்க் கண்ணி, இரண்டு புரள் கண்ணி (பர்ல்) என்று மாறி மாறி வரும் ரிப் பின்னல் இரு ஓரமும் ஒத்திருக்கும்படி அமையும். நடுத்தரக் கனமுள்ள நூலுக்கு 4 மி.மீ. ஊசி போதும். வளையங்கள் மிக இறுக்கமாக இருந்தால் ஊசி நுழையாது; தளர்ந்தால் இணைப்பில் ஓட்டை தெரியும். மொத்த வேலையிலும் பொறுமையை அதிகம் கேட்பது இந்த ஒரு வரிசைதான்.

இணைப்பிலிருந்து வெளிநோக்கிப் பின்னுவதால் மற்றொரு நன்மையும் உண்டு. மஃப்ளர் முதலில் நைவது அதன் நுனியில். பின்னலின் கடைசி வரிசை இருப்பதும் அங்கேதான். ஆகவே நைந்த வரிசைகளை மட்டும் அங்கிருந்து பிரித்து, துணியைத் தொடாமலே புதிய நூலில் தொடரலாம். அடுக்கித் தைத்ததில் இதே பழுதுக்குச் சுற்றுத் தையலைப் பிரித்தாக வேண்டும்.

நூலைப் பொறுத்தவரை, இயந்திரச் சலவைக்கென்று பதப்படுத்திய கம்பளி என் முதல் தேர்வு. பதப்படுத்தாத கம்பளியின் இழைகளில் உள்ள செதில்கள் வெந்நீரிலும் தேய்ப்பிலும் ஒன்றோடொன்று சிக்கி, பின்னலை இறுகச் செய்துவிடும். வேண்டுமென்றே அப்படி இறுகவைத்த பின்னலுக்குப் பெரும்பாலான நீட்சி போய்விடுவதால், முதல் முறையின் குறைகள் பல அதில் எழாது என்றே நினைக்கிறேன். சிறு துண்டுகளில் மட்டுமே அதைப் பார்த்திருப்பதால், முழு மஃப்ளருக்கு உறுதியாகப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

செய்வது மஃப்ளராக இல்லாமல் தோள்பையாக இருந்தால் என் பரிந்துரை மாறும். பையில் பின்னல் தொங்கி நீள்வதுதான் பெரிய குறை. உள்ளே வைத்துத் தைக்கும் குவில்ட் துணி அந்த எடையைத் தாங்கிக்கொள்கிறது, துவைப்பதும் எப்போதோ ஒருமுறைதான். அங்கே அடுக்கித் தைப்பதையே தயங்காமல் செய்யலாம்.