ஹாரிகான் சதுப்பு: வடக்கா, தெற்கா?

அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள ஹாரிகான் சதுப்பு நிலம் சுமார் 33,000 ஏக்கர். வடக்கே மூன்றில் இரண்டு பங்கு, 1941இல் ஏற்பட்ட மத்திய அரசுச் சரணாலயம். தெற்கே உள்ளது மாநில அரசின் வனவிலங்குப் பகுதி. ராக் ஆறு இரண்டிலும் பாய்கிறது, விதிகள்தான் வேறு.

வாத்து வேட்டைக்குத் தெற்குதான். கிரீன்ஹெட் படகுத்துறையில் தட்டைப் படகை இறக்கி, சம்பங்கோரைக்குள் மறைந்துகொள்ளலாம். வடக்கில் மான், ஃபெசன்ட் (கோழி இனப் பறவை) வேட்டைக்குச் சில பகுதிகள் திறக்கும். வாத்துகளுக்கோ அது பெரும்பாலும் சுடத் தடையுள்ள ஓய்விடம். அந்தத் தடையை வேட்டைக்காரர்கள் குறைசொல்வது சரியில்லை. ஒதுங்க இடமில்லாவிட்டால், வெடிச்சத்தம் கேட்ட பறவைகள் சதுப்பையே விட்டுப் போய்விடும்.

வாழிடத்தில் இரு பக்கத்துக்கும் ஒரே தொல்லை: கெண்டை மீனும் சம்பங்கோரையும். கார்ப் கெண்டை சேற்றைக் கிளறிச் செடிகளை வேரோடு பெயர்க்கும். நீர் கலங்கி அடியில் வெளிச்சம் படாது. சம்பங்கோரையோ திறந்த நீரையெல்லாம் மூடிவிடும். பாதி நீர், பாதி கோரை என்ற நிலையில்தான் வாத்துகள் நன்றாகத் தங்கும். மதகைத் திறந்து ஒரு பருவம் நீரை வடித்தால் சேறு வெளிப்பட்டு, வாத்து தின்னும் விதைச்செடிகள் முளைக்கும். கோரையை அறுப்பது மட்டும் போதாது. அறுத்த தாள்களுக்கு மேல் நீர் நின்றால்தான் வேருக்குக் காற்றுப் போகாமல் அழுகும்.

தெற்கே துப்பாக்கியோடு போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு 1991 முதல் நாடு முழுக்கத் தடை. சேற்றில் கிடக்கும் ரவையை வாத்து மணலோடு விழுங்கும். அரைவைப்பையில் அது தேய்ந்து, ஈயம் ரத்தத்தில் ஏறும். எஃகு ரவை எடை குறைவு, அதனால் வேகமிழக்கும். ஈயத்தில் 6ஆம் எண் ரவை போட்டவர் எஃகில் அதைவிடப் பெரிய 4ஆம் எண்ணுக்குப் போக வேண்டும். சோக்கும் (குழல் முனையின் குறுக்கம்) சற்றுத் திறந்ததாக இருக்கட்டும். தூரத்துப் பறவையை விட்டுவிடுங்கள், காயப்பட்டுப் பறந்தால் தேடிப் பிடிப்பது கோரைக்குள் பெரும்பாடு.

மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி துப்பாக்கிக்குள் அடைப்புக் கட்டை வேண்டும். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மத்திய அரசின் வாத்து முத்திரையை (டக் ஸ்டாம்ப்) விலைக்கு வாங்குவது கட்டாயம். அதில் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சரணாலய நிலத்துக்கே போகிறது.

கேமராவும் தொலைநோக்கியும் மட்டும் என்றால் வடக்கு. 49ஆம் எண் சாலை சதுப்பைக் குறுக்கே கடக்கிறது; அக்டோபர், நவம்பரில் கனடா வாத்துகள் காரிலிருந்தே தெரியும்.

சுட்ட வாத்தை வீடு சேரும்வரை தலையோடோ, இறகுள்ள ஒரு சிறகோடோ வைத்திருங்கள். எத்தனை சுடலாம் என்ற வரம்பு இனத்துக்கு இனம் மாறுவதால், அதைப் பார்த்துத்தான் அதிகாரி எண்ணுவார்.