மச்சத்தை அழிக்காத ஸ்டுடியோ

இரண்டு மாதத்துக்கு முன் துபாயில் இருக்கும் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கீழக்கரையில் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைதான். சேர்ந்த மூன்றாம் நாளே, அவர்களுடைய இணையதளத்தில் போட ஒரு படம் கேட்டார்கள். இளஞ்சாம்பல் பின்னணி, மார்புக்கு மேல், சதுர அளவு. செல்ஃபி வேண்டாம், பாஸ்போர்ட் போட்டோவும் வேண்டாம் என்று தனியாக எழுதியிருந்தார்கள்.

எனக்குத் தயக்கம். சில வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில், வேறொரு ஸ்டுடியோவில் இப்படி ஒரு படம் எடுத்திருந்தேன். கைக்கு வந்தபோது முகம் மட்டும் வெளுத்துப்போய், கழுத்து என் நிறத்திலேயே இருந்தது. இடது கன்னத்து மச்சத்தைக் காணோம். கேட்டதற்கு, "கலர் ஏத்தியிருக்கோம், நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். உம்மாவிடம் காட்டினேன். "மச்சம் எங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். வாப்பாவுக்கும் அதே இடத்தில் மச்சம் இருந்தது. அந்தப் படத்தை நான் எங்கேயும் போடவில்லை.

இந்த முறை என் மூத்த சகோதரி, லாத்தா சொன்ன இடத்துக்குப் போனேன். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம், கடைத்தெருவில் ஒரு மாடி. கணவன், மனைவி இருவரும் நடத்துகிறார்கள். அண்ணன் படம் எடுக்கிறார். விளக்கு, உடை, ஸ்கார்ஃப் எல்லாவற்றையும் அக்கா பார்த்துக்கொள்கிறார். ஹிஜாப் அணிகிற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது போனவர்களுக்குத் தெரியும். பின் குத்திச் சரிசெய்ய ஓர் ஆண் கை நீட்ட வேண்டிய அவசியமே வராது.

நான் இதை எழுதுவதற்கு முக்கியக் காரணம், படம் எடுப்பதற்கு முந்தைய நாள் அக்கா பேசிய போன் கால். இருபது நிமிடம் பேசினார். படம் எங்கே வரப்போகிறது, கண்ணாடி போடுவீர்களா, என்ன நிறத்தில் உடை வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்று ஸ்கார்ஃபை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். கறுப்பு அபாயாவும் கறுப்பு ஸ்கார்ஃபும் போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வேண்டாம் என்றார். தோள், கழுத்து, தலை எல்லாம் ஒரே இருட்டாக ஒட்டிக்கொண்டு முகம் மட்டும் தனியாக மிதக்குமாம். சாட்டின் துணி விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும், பொடிக்கோடு போட்ட துணி படத்தில் அலை அலையாக நெளியும் என்றும் சொன்னார். கடைசியில் மயில் கழுத்து நிறத்தில் இருந்த பருத்தி ஸ்கார்ஃப்தான் தேர்வானது. பெருநாளுக்கு வாங்கி அலமாரியில் சும்மா கிடந்தது.

சன்ஸ்க்ரீன் பற்றிச் சொன்னது எனக்கு முற்றிலும் புதிது. நம் ஊர் வெயிலுக்குப் பூசாமல் வெளியே போக முடியாது. ஆனால் சில சன்ஸ்க்ரீன்களில் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கும். ஃபிளாஷ் பட்டால் அவை வெளிச்சத்தைத் திருப்பி அடித்து முகத்தில் சாம்பல் பூத்தது போல் காட்டும். பஸ்ஸுக்குப் பூசிக்கொண்டு வாருங்கள், இங்கே வந்து கழுவிவிடலாம் என்றார். ஃபேஷியல், த்ரெடிங் எதுவானாலும் இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிட வேண்டும். புது க்ரீம் எதையும் அந்த வாரம் தொடக் கூடாது. உதட்டுக்கு இரவில் கொஞ்சம் நெய். எல்லாவற்றையும்விட உதவியது இன்னொன்று: எடுக்கப்போகிற உடையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டாம், அயர்ன் செய்து மடிக்காமல் எடுத்து வாருங்கள், அரை மணி முன்னதாக வாருங்கள். கீழக்கரையிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த அரை மணி ரொம்ப முக்கியம். கடற்காற்றின் பிசுபிசுப்பு முகத்தை விட்டுப் போக மின்விசிறிக்கு அடியில் கொஞ்ச நேரம் உட்காரத்தான் வேண்டும்.

கடற்கரையில், படகுத்துறைப் பக்கம் எடுக்கலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். அதிகாலையில் எடுக்கலாம், ஆனால் காற்றுக்கு ஸ்கார்ஃப் நிற்காது, வெயில் ஏறிவிட்டால் தண்ணீரின் பளபளப்பில் கண் கூசிச் சுருங்கும், ஆபீஸ் படத்துக்கு அது சரிவராது என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

எடுத்த அன்று அண்ணன் கேமராவை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரவே இல்லை. ஏழெட்டு அடி தள்ளி நின்று 85 எம்எம் லென்ஸில் எடுத்தார். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், போனை முகத்துக்கு மிக அருகில் பிடிப்பதுதானாம். இத்தனை வருடம் என் மூக்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பெரிய சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்க விளக்கின் முன் துணி கட்டிய பெட்டி), எதிர்ப்பக்கம் நிழலைத் தணிக்க ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, அவ்வளவுதான் ஏற்பாடு. என் கண்ணாடியில் விளக்கு பச்சையாகத் தெரிந்தது. விளக்கை உயர்த்தினார்கள், அக்கா வந்து கண்ணாடியின் காதுப் பக்கக் கம்பிகளை ஒரு நூல் அளவு தூக்கிவைத்தார். கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்ததும் பச்சை போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றுங்கள் என்று சொல்லாமல் இப்படி ஒரு வழி கண்டுபிடித்தது எனக்குப் பிடித்தது. நான் எப்போதும் கண்ணாடியோடு இருப்பவள்.

"தாடையைக் கொஞ்சம் முன்னால கொண்டுவந்து, லேசா இறக்குங்க தங்கச்சி" என்பதைத் தவிர வேறு போஸ் எதுவும் சொல்லவில்லை. முதல் இருபது படங்களில் நான் விறைத்துப்போய் இருந்தேன். அப்புறம் அக்கா, ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி பதிவு எப்போது கட்டாயம் என்று பேச்சுக் கொடுத்தார். சேவைத் தொழில் என்றால் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எடுத்த படத்தைத்தான் கடைசியில் தேர்ந்தெடுத்தேன். வேலை பேசும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

எடிட்டிங்குக்கு முன் அண்ணனே கேட்டார்: "மச்சம் இருக்கட்டும்தானே?" இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுகிற பரு, கீறல் மாதிரி விஷயங்களை மட்டும் எடுப்பாராம், எப்போதும் கூடவே இருப்பதைத் தொட மாட்டாராம். நெற்றியில் இருந்த ஒரு பருவை மட்டும் என் கண் முன்னால் எடுத்தார். நிறத்தில் கை வைக்கவில்லை. முகமும் கழுத்தும் ஒரே நிறம், என் நிறம். நம் பக்கத்துப் பெண்கள் கல்யாணப் போட்டோவிலிருந்து கல்லூரி அடையாள அட்டை வரை வெளுக்கப்பட்ட முகத்தோடு வாழப் பழகியிருக்கிறோம். கேட்காமலேயே நம் நிறத்தை அப்படியே விட்டுவைக்கிற ஓர் இடம் இருக்கிறது என்பதற்காகவே நான் பதினேழு பதினெட்டு கிலோமீட்டர் பஸ்ஸில் போவேன்.

குறைகளும் உண்டு. உடை மாற்ற ஒரு மூலையில் திரைதான் தொங்குகிறது, தாழ்ப்பாள் வைத்த கதவு இல்லை. பெண்களை நம்பி நடக்கிற கடைக்கு இது போதாது. அக்காவிடம் நேரிலேயே சொன்னேன், ஏற்றுக்கொண்டார். மாடிப்படி குறுகலும் செங்குத்துமாக இருக்கிறது, முழங்கால் வலியோடு உம்மாவை அழைத்துப்போக முடியாது. இரண்டு நாளில் தருவதாகச் சொன்ன படங்கள் ஐந்தாம் நாள்தான் வந்தன. அதுவும் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்து, பெரிதாக்கினால் மங்கியது. டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொன்ன பிறகே முழு அளவில் கிடைத்தது. நீங்கள் போனால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்று எடிட் செய்த படங்களுக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற விலையோடு ஒப்பிட்டால் அதிகம்தான். அந்தப் போன் காலுக்கும் சேர்த்துக் கொடுத்ததாக நினைக்கிறேன். லிங்க்டினில் படம் வட்டமாக வெட்டுப்படும் என்பதால், தலைக்கு மேல் இடம் விட்டு அதற்கென்று ஒன்றைத் தனியாகவும் கொடுத்தார்கள். இந்தப் படத்தையே விசாவுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மச்சானுக்கு அமெரிக்க விசா வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு 2 அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி, 2016 நவம்பரிலிருந்து கண்ணாடியும் போடக் கூடாது. அதை அதே நாளில் தனியாக எடுத்துத் தருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் இல்லை என்று லாத்தா சொன்னார். நான் போனது செவ்வாய் காலை பத்து மணிக்கு. எனக்கு முன் ஒரே ஒரு குடும்பம்தான் இருந்தது. ஒரு நாள் முன்பே போன் செய்து நேரம் வாங்கிக்கொள்ளுங்கள், அக்காவிடமே பேச வேண்டும் என்று கேளுங்கள்.