வானமா, கோபுரமா: ஃபில்டர், மூன்று படம், ஒரே படம்

சிங்கப்பூர் மரினா அணைக்கட்டின் புல்வெளிக் கூரையில், பட்டம் விடுபவர்களின் நூலுக்குத் தப்பி கேமரா முக்காலியை விரித்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். நகரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குகிறது. வானத்தின் ஒளிக்கு அளந்து எடுத்தால் மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் மூன்று கோபுரங்களும் கரிக்கட்டை. கோபுரத்துக்கு அளந்தால் வானம் வெறும் வெள்ளைத்தாள். இதைச் சமாளிக்க மூன்று வழி சொல்வார்கள். மூன்றுக்கும் நான் காசோ நேரமோ அழுதிருக்கிறேன்.

முதலில் வாங்கியது ஜிஎன்டி ஃபில்டர், லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடி. மேல்பாதி கறுப்பு, கீழ்பாதி தெளிவு. ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும். மூன்று ஸ்டாப் ஃபில்டர், வானத்து ஒளியில் எட்டில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் விடியற்காலையில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. தொடுவானம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும், நங்கூரமிட்ட கப்பல்கள் மட்டும் லேசாகத் துருத்தும். அதையே அணைக்கட்டுக்குக் கொண்டுவந்தால் வானத்தோடு சேர்த்துக் கோபுரங்களின் தலையும் கறுத்துவிடும். போதாததற்கு, குளிர்ந்த எம்ஆர்டி ரயிலிலிருந்து வெளியே வந்ததும் நம்மூர்ப் புழுக்கத்தில் கண்ணாடியெல்லாம் வியர்க்கும். லென்ஸைத் துடைத்து முடித்தால் ஃபில்டரின் இரண்டு பக்கமும் பாக்கி. சில நூறு வெள்ளி செட் இப்போது ஈரம் அண்டாத டிரை கேபினட்டில் நிம்மதியாக உறங்குகிறது.

அடுத்தது பிராக்கெட்டிங். இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, நடுவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என்று எடுத்து வீட்டில் சேர்ப்பது. புதிய வித்தை இல்லை. பிரான்சின் குஸ்தாவ் லெ க்ரே 1850களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று சேர்த்து அச்சிட்டிருக்கிறார். நிழல் பகுதி சுத்தமாக, இரைச்சல் எனும் புள்ளிகள் இல்லாமல் வருவது இதில்தான். ஆனால் காட்சி அசையாமல் இருக்க வேண்டும். ஆற்றில் போகும் பம்போட் படகு மூன்று படத்திலும் மூன்று இடத்தில் நிற்கும். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் காற்றடித்தால் இலைகள் பேயாடும். மென்பொருளிடம் மொத்தமாக ஒப்படைத்தால் கட்டடங்களைச் சுற்றி ஒளிவட்டம் வேறு, ஏதோ சாமி படம் மாதிரி.

மூன்றாவது, இன்று நான் அதிகம் நம்புவது: ரா கோப்பில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில், ஒரே படம், வெளிச்சப் பகுதிக்கு அளந்து. ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100. இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தைத் தொடும், ஆனால் முட்டாது. திரையில் படம் இருண்டு, பார்க்கவே வயிற்றைக் கலக்கும். கலங்க வேண்டாம். நிரம்பி வழிந்த வெள்ளையை மீட்க முடியாது, நிழலை மீட்கலாம். இப்போதைய முழு ஃபிரேம் எனும் பெரிய சென்சார்களில் மூன்று ஸ்டாப் வரை தூக்கினாலும் தாங்குகிறது. அதற்கு மேல் போனால் இருட்டில் வண்ணப் புள்ளிகள் தலைகாட்டும். ஹிஸ்டோகிராம் கேமராவுக்குள் உருவாகும் ஜேபெக் படத்தை வைத்துப் போடப்படுவது, அதனால் அது அலறத் தொடங்கிய பிறகும் ராவில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். சூரிய வட்டம் மட்டும் வெளுக்கட்டும், அதைக் காப்பாற்றப் போய் மொத்தப் படத்தையும் இருட்டில் தள்ளாதீர்கள்.

ஆக, கடலோரம் போனால் ஃபில்டர். சூரியன் சட்டத்துக்குள்ளேயே இருந்து, நீரும் இலையும் அசையாமல் இருந்தால் பிராக்கெட்டிங். மற்ற நாளெல்லாம் ஒரே படம்.

இந்த மூன்றுக்கும் வேலை வைக்காத நேரம் ஒன்றும் உண்டு. சூரியன் மறைந்து ஏறக்குறைய 15 முதல் 25 நிமிடத்துக்குள் வானத்து நீலமும் ஜன்னல் விளக்குகளும் தாமாகவே ஒரே அளவுக்கு வந்துவிடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இந்த அந்தி சட்டென்று தீர்ந்துவிடும், பையைத் தேடிக்கொண்டிருந்தால் போச்சு. அதற்குள் பாதிப் பேர் 7.45 மணி ஒளிக்காட்சிக்காகக் கரையோரப் பூந்தோட்டத்துச் சூப்பர்மரங்கள் பக்கம் போயிருப்பார்கள். முக்காலி வைக்க இடம் தாராளம்.