பல மருத்துவமனை ஆய்வுக்கு ஒரே நெறிமுறை அனுமதி: ஈகோஸ் தளம் எப்படி?

ஈகோஸ் என்பது மருத்துவ ஆய்வுகளுக்கு நெறிமுறை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும் இணையத்தளம். சிங்கப்பூரின் பொது மருத்துவமனைக் குழுமங்களான சிங்ஹெல்த், என்எச்ஜி இரண்டும் ஒன்றின் நெறிமுறைப் பரிசீலனையை மற்றொன்று ஏற்பதால், இரு குழுமங்களிலும் நடக்கும் ஆய்வுக்கு ஒரே முதன்மைப் பரிசீலனை போதும். ஈகோஸின் பெரிய பலமே இதுதான், மனமாரப் பாராட்டலாம்.

ஆனால் ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தியதும் கோப்பு நெறிமுறைக் குழுவிடம் போய்விடாது. ஒவ்வொரு இடத்துக்கும் பொறுப்பு ஆய்வாளர் வேண்டும். அதன்பின் துறைப் பிரதிநிதி, நிறுவனப் பிரதிநிதி கையெழுத்து. ஒருவர் விடுப்பில் போனாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும், முன்கூட்டியே பேசிவையுங்கள். பயிற்சிச் சான்றிதழ் காலாவதியானவர் பெயர் ஒன்று இருந்தாலும் இழுபறிதான்.

அதிகம் சிக்குவது ஒப்புதல் படிவத்தில். ஆங்கிலப் படிவம் அனுமதி பெற்ற பிறகே தமிழ், மலாய், சீன மொழிபெயர்ப்புக்குச் செலவழியுங்கள். முகப்பில் ‘பதிப்பு 2’, அடிவரியில் ‘பதிப்பு 1’ என்றிருந்தால் கேள்வியோடு திரும்பி வரும். ‘சீரற்ற ஒதுக்கீடு’ என்றால் வார்டில் படுத்திருக்கும் பாட்டிக்கு எப்படிப் புரியும்? ‘குலுக்கல் முறையில்’ என்று எழுதுங்கள்.

2015ஆம் ஆண்டு மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டத்தின் கீழ் வரும் ஆய்வென்றால், பொதுவாகச் சாட்சி முன்னிலையில்தான் ஒப்புதல் பெற வேண்டும். மருந்துச் சோதனைக்கு எச்எஸ்ஏ (சுகாதார அறிவியல் ஆணையம்) நடைமுறை தனி.