பழைய புல்லட்டை பாபர் ஆக்கக் கொடுக்கிறீர்களா? சேஸிஸில் கிரைண்டர் படும் முன் படியுங்கள்

காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இன்ஜின் கொண்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டை பாபர் (மட்கார்டை வெட்டிக் கழித்த மொட்டை வண்டி), கஃபே ரேசர் (ரேஸ் வண்டி பாணி) என்று மாற்றித் தரும் பட்டறைகளில் கொடுத்து ஏமாந்தவர்கள் சொல்வதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதை. அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி. ரைட் சைடு கியர், கம்பெனி டேங்க், பழைய ஆர்சி புக் எல்லாம் இருக்கும். பட்டறைக்காரர் போனில் நாலு படம் காட்டி, “இப்படிப் பண்ணிட்டா மார்க்கெட்ல டபுள் ரேட் போகும் சார்” என்பார். பாதிப் பணம் முன்பணமாகப் போகும். வண்டி வெளியே வரும்போது கண்ணைப் பறிக்கும். விற்க நிறுத்தினால்தான் விவரம் புரியும். செலவழித்த காசும் திரும்பாது, தொடாமல் வைத்திருந்தால் கிடைத்திருக்கும் விலையும் கிடைக்காது.

டபுள் ரேட் என்பது பொய். பழைய வண்டிக்கு நல்ல விலை கொடுப்பவர் ஒரிஜினல் தேடுகிறவர். வெட்டிய வண்டியை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். தினமும் ஓட்ட வாங்குகிறவர் ஆர்சியையும் எஃப்சி என்கிற தகுதிச் சான்றையும் நினைத்துப் பயப்படுவார். மாடிஃபைடு வண்டியில் ஆசை உள்ளவரோ தன் ரசனைக்கு மாற்றத்தான் விரும்புவார், அதற்கு அவர் தேடுவது மலிவான வண்டி. உங்கள் ரசனைக்கு அவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அதைவிடப் பெரிய திருட்டு கழற்றிய சாமானில் நடக்கிறது. பாபர் வேலை என்றால் முதலில் வெளியே வருவது இரண்டு மட்கார்டு, டூல் பாக்ஸ், சீட், ஹேண்டில் பார், சைலன்சர், முன்பக்கம் இரண்டு குட்டி விளக்கோடு இருக்கும் ஹெட்லைட் கூடு, ஸ்பீடோ மீட்டர். “இதெல்லாம் துருப்பிடிச்ச ஸ்கிராப் சார், நாங்களே போட்டுடுறோம்” என்பார்கள். அது காயலான் கடைக்குப் போகாது. சென்னை திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையின் தொடக்க ஆண்டுகளில் இங்கிலாந்தின் ரெடிச்சிலிருந்து வந்த பாகங்களை வைத்துத்தான் வண்டி பூட்டினார்கள். அந்தக் காலத்து ஸ்மித்ஸ் மீட்டர், ஏமல் கார்புரேட்டர், லூகாஸ் சாமான் எதுவானாலும் ரெஸ்டோர் செய்பவர்கள் கேட்ட விலை கொடுத்து வாங்குவார்கள். கூலியை உங்களிடம் வாங்கிய பட்டறை, சாமானை விற்று இரண்டாவது முறை சம்பாதிக்கிறது. பிறகு நீங்கள் சென்னையின் பழைய சாமான் சந்தையான புதுப்பேட்டை முழுக்க அலைந்தாலும் கிடைப்பது பெரும்பாலும் மெல்லிய தகட்டில் அடித்த டூப்ளிகேட் மட்கார்டுதான். அதன் துளைகள் மட்கார்டைத் தாங்கும் கம்பியான ஸ்டேயோடு பொருந்தாது, ஓட்ட ஓட்ட அதிர்ந்து ஓரம் கிழியும்.

அடுத்தது சேஸிஸ், அதாவது வண்டியின் எலும்புக்கூடு. பழைய புல்லட் சேஸிஸில் இன்ஜினுக்குக் கீழே குழாய் கிடையாது. இன்ஜினே சேஸிஸின் ஒரு பாகமாக நின்று பாரம் தாங்குகிறது. பின்பக்கம் ஷாக் அப்சார்பரின் மேல்முனை உட்காரும் இடமும், மட்கார்டைத் தாங்கும் வளைவும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. பாபருக்காக அந்த வளைவை கிரைண்டரில் அறுத்து, வேறு பைப்பை வளைத்துப் பற்றவைக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரு சில மில்லிமீட்டர் ஏறி இறங்கினால் போதும், பின்சக்கரம் நேர்கோட்டை விட்டு விலகும், செயின் ஒரு பக்கமாகத் தேயும். கொழுத்த டயர் போடுவதற்காக, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மை அகட்டினால் கேடு இரட்டிப்பு. கம்பெனி டயர் அளவு முன்னும் பின்னும் 3.25-19தான். பற்றவைத்த இடத்தைப் பட்டி போட்டு இழைத்து பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பட்டி தடிமனாக உள்ள இடத்தில் பிடிப்பு தளரும். டேங்குக்கும் இதே சோதனை.

பவுடர் கோட்டிங் (பெயின்ட் பவுடரைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைப்பது) செய்த இடத்தில் வேறொரு சிக்கல் வரும். சேஸிஸ் நம்பர் ஹேண்டில் கழுத்துப் பகுதியில் அடிக்கப்பட்டிருக்கும். மணல் பிளாஸ்டிங் அந்த எழுத்தின் விளிம்பைத் தேய்க்கும், பவுடர் மீதிப் பள்ளத்தை நிரப்பும். 15 வருடம் முடிந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்தும்போது பென்சில் பிரிண்ட் (நம்பர் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரதி) விழாது. நம்பர் படிக்க முடியாத வண்டி திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். “மேலே திரும்ப அடிச்சுத் தர்றேன்” என்று பட்டறையில் சொன்னால் ஒப்புக்கொள்ளவே வேண்டாம், அது குற்றம். நம்பர் மீது சூடு தாங்கும் டேப் ஒட்டிவிட்டு, அந்த இடத்தை மட்டும் கையால் உப்புத்தாள் போட்டுச் சுத்தம் செய்தால் போதும்.

சட்டமும் வாங்குகிறவருக்குத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகள் இன்னும் கண்டிப்பானவை. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்து, சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றமில்லாமல் ஒரிஜினல் வடிவத்தில் இருந்தால்தான் ‘விஏ’ வரிசை நம்பர் கிடைக்கும். 70-களின் தொடக்கத்து புல்லட்டுகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. இந்த நேரத்தில் சேஸிஸை அறுப்பது அந்தக் கதவை நிரந்தரமாக மூடுவது.

எல்லா மாற்றமும் விலையைக் குறைக்காது. ஸ்பார்க் வரவைக்கும் பழைய பாயிண்டை எடுத்துவிட்டு அதே கூட்டுக்குள் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாம், பழைய பாயிண்ட் பிளேட்டை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் போதும். இன்ஜினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் புஷ்ஷுக்குப் பதில் ரோலர் பேரிங் போட்டதை நல்ல மெக்கானிக்கின் பில்லோடு காட்டினால் வாங்குபவர் சந்தோஷப்படுவார். முன்சக்கர டிஸ்க்கும் பழைய ஃபோர்க், ஹப், டிரம் பிளேட் மூன்றும் கையில் இருந்தால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் ரைட் சைடு கியரை இடப்பக்கம் மாற்றாதீர்கள். பழைய புல்லட் பிரியர் முதலில் தேடுவதே அதைத்தான். கம்பெனி பெயின்ட்டும் கையால் போட்ட தங்கக் கோடும் மங்கலாகவாவது மிஞ்சியிருந்தால் அதன் மேல் புது பெயின்ட் அடிக்க வேண்டாம்.

கொடுத்தே தீருவது என்றால், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் படமெடுத்து, பென்சில் பிரிண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கின் அடியிலும் மட்கார்டின் உட்புறத்திலும் சென்டர் பஞ்சால் (கூர்முனை உளி) ரகசியமாக ஒரு புள்ளி வையுங்கள். பெயின்ட்டுக்குப் போன டேங்க் வேறாகத் திரும்பி வருவது உண்டு. கழற்றும் அன்றைக்கே பக்கத்தில் நின்று எல்லாச் சாமானையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், வேலை முடியட்டும் என்று விட்டுவைக்காதீர்கள். “சேஸிஸில் வெட்டோ வெல்டிங்கோ கூடாது, எல்லாம் போல்ட்டில் மட்டும்” என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் பட்டறையில் வண்டியை நிறுத்தவே வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம், கொடுக்கும் முன் எடுத்த படம் மூன்றும் சாட்சி ஆகும். கழற்றிய சாமானைத் திருப்பித் தரும்படி முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள், சாமான் ஒவ்வொன்றின் பெயரையும் அதில் எழுதி.