கேஎல் ஜாமுக்கு ஹைவேயா, எம்ஆர்டியா, சிங்கப்பூர் மாதிரி காசா?

எங்க ஊர் போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு புதுப் பேரு இருக்கும், எங்களுக்கு இன்னும் பழைய பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்க இருந்து கேஎல்லுக்கு, அதாவது கோலாலம்பூருக்கு, தினம் வேலைக்குப் போறேன், அதனால ஒட்டுக்கடைல தே தாரேக் டீ குடிக்கிறப்ப ரோட்டு ஜாமுக்கு ஆளாளுக்குச் சொல்ற வைத்தியமெல்லாம் காதுல விழுந்துட்டே இருக்கும்.

பாதிப் பேரு இன்னொரு ஹைவே போட்டா சரியாயிடும்ங்கிறாங்க. லாத்தார் ஹைவே 2011ல திறந்தப்ப நானும் அப்படித்தான் நெனச்சேன், அசாம் ஜாவால இருந்து டெம்ப்ளர்ஸ் பார்க் வரைக்கும் 33 கிலோமீட்டர், செம்பனை லாரி பின்னாடி ஊர்ந்து போன காலமெல்லாம் முடிஞ்சதுன்னு ஒரே சந்தோஷம். ஆனா அந்த ரோடு கேஎல்லுக்கு வெளியவே முடிஞ்சுருதே, அதுக்கப்புறம் எல்லாக் காரும் பழைய ரோட்டுலதானே போய் நிக்கணும்? ரோடு வந்தா தாமான், அதான் புதுக் குடியிருப்பு வரும், தாமான் வந்தா வீட்டுக்கு ரெண்டு கார் வரும், அவ்ளோதான்.

எம்ஆர்டி ரயில் நல்லது, அதுல சந்தேகமே இல்ல. புத்ராஜெயா லைன் 2023 மார்ச்லருந்து முழுசா ஓடுது, 57.7 கிலோமீட்டர், சுங்கை பூலோ ஸ்டேஷன்ல ஏறி உக்காந்தா ஜாம் கீழ கெடக்கும் நாம மேல போயிட்டே இருக்கலாம். மை50 பாஸ் கார்டுன்னா 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) 30 நாள் எத்தன தடவ வேணாலும் ஏறி இறங்கலாம், எனக்கு பெட்ரோலும் டோலும் ஒரு வாரத்துலயே அதத் தாண்டிரும். சரி, சுங்கை பூலோவுக்கு எப்படிப் போறது? காலைல அஞ்சரைக்கு எங்க தோட்டத்து முனைல ஒரு பஸ்ஸும் நிக்காது லா. கார வீட்ல விட்டுட்டு வாங்கன்னு கூப்பிடுற ரயிலுக்குப் போகவே கார் வேணும். என் தங்கச்சி மழையோ இருட்டோ மோட்டர் சைக்கிள்லயே கேஎல் வரைக்கும் போயிட்டு வர்றா, வயித்துல நெருப்புதான்.

மூணாவது, டவுனுக்குள்ள வர்ற காருக்குக் காசு. இதச் சொன்னாலே "டோல் கட்றது பத்தாதா"ன்னு அடிக்க வர்றாங்க. சிங்கப்பூர்ல 1975லயே கண்ணாடில சீட்டு ஒட்டணும்னு ஆரம்பிச்சாங்க, 1998ல எலெக்ட்ரானிக் ஆச்சு. அவங்களுக்கு எம்ஆர்டி வந்ததே 1987லதான், அதனால ரயில் எல்லாம் முழுசா வந்தப்புறம்தான் காசு வாங்கணும்ங்கிற பேச்சு எடுபடாது. ஆனா ஸ்டாக்ஹோம்காரங்க செஞ்சது எனக்கு ரொம்பப் புடிச்சது, 2006 ஜனவரில காசு வாங்கிப் பாக்குறதுக்கு முன்னாடி, 2005 ஆகஸ்ட்லயே 197 புது பஸ்ஸ ரோட்டுல விட்டாங்க. மொதல்ல பஸ், அப்புறம் பில்லு.

என்னைக் கேட்டா புது ஹைவேக்குப் பதிலா காசு வாங்குறதே மேல், ஆனா இங்க பஸ் விடாம வாங்கினா டவுன்ல வசதியா இருக்கிற பங்சார்க்காரன் ஜாம் இல்லாம போவான், தோட்டத்துக்காரன் பணம் கட்டுவான். அஞ்சரைக்கு சுங்கை பூலோவுக்கு ஒரு பஸ், ராத்திரி எட்டரைக்குத் திரும்ப ஒண்ணு விடட்டும், அடுத்த ரோட் டாக்ஸ் எடுக்காம கார கொட்டகைல நிறுத்திருவேன்னு வீட்ல சொல்லிட்டேன், அவதான் நம்ப மாட்டேங்குறா.