கடல் கயாக்: சுக்கானா, ஸ்கெக்கா?

பக்கக் காற்று அடித்தால் கடல் கயாக், அதாவது துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய நீளப் படகு, தானாகவே காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பும். படகு போகிற வேகத்தில் முன்பக்கம் தண்ணீரில் கெட்டியாகப் பதிந்திருக்கும். பின்பக்கத்துக்கு அந்தப் பிடிமானம் கிடையாது, காற்று அதை ஒதுக்கிவிடும். ஒரு பக்கமாகவே துடுப்பை வீசிச் சமாளித்தால் ஒரு மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும்.

பிரிட்டனில் பெரும்பாலும் இதற்கு ஸ்கெக்தான். பின்பக்க அடியில் உள்ள பிளவிலிருந்து இறங்கும் தகடு அது. இறங்கும், ஏறும், திரும்பாது. பாதி இறக்கினால் பக்கக் காற்றிலும் படகு நேராகப் போகும், முழுக்க இறக்கினால் காற்றுக்கு முதுகு காட்டும். ஒரே தொல்லை, கரையிலிருந்து தள்ளும்போது கூழாங்கல் அந்தப் பிளவில் சிக்கிக்கொள்ளும். கடலுக்குள் போன பிறகுதான் தெரியவரும். அதனால் பலர் தகட்டின் முனையில் துளை போட்டு ஒரு துண்டுக் கயிறு கட்டியிருப்பார்கள். கூட வருபவர் பிடித்து இழுத்துவிடலாம்.

சுக்கான் படகின் வாலில் இருபுறமும் திரும்பும் தகடு, பெடலை மிதித்துக் காலால் இயக்குவது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் இதற்குத்தான் மவுசு. ‘துடுப்பு போடத் தெரியாதவனுக்குத்தான் சுக்கான்’ என்று ஸ்கெக் கட்சி கிண்டல் செய்யும். 1981-82இல் ஆஸ்திரேலியாவை கயாக்கிலேயே 360 நாளில் சுற்றிவந்த பால் கேஃபின் சுக்கான் கட்சிக்காரர். அவருக்கா துடுப்பு போடத் தெரியாது?

அதற்காகச் சுக்கானில் குறையே இல்லை என்றில்லை. செங்குத்தான அலையில் படகின் வால் மேலே எழும்பினால் அது வெறும் காற்றைத்தான் துழாவும். கரையோர அலையில் கவிழ்ந்தால் அந்தத் தகடு யார் மேல் படும் என்று சொல்ல முடியாது.

ஆனால் என் கணக்கில் பெரிய குறை வாலில் இல்லை, காலில். பழைய வகைப் பெடல்கள் முன்னும் பின்னும் நகரும். நன்றாகத் துடுப்பு போட வேண்டுமானால் காலை ஊன்ற வேண்டும்; ஊன்றினால் சுக்கான் திரும்பிவிடும்! இப்போது வரும் வகையில் பாதம் ஊன்றும் இடம் அசையாது, கால்விரல் பக்கம் மட்டும் மடங்கும். கிண்டலில் பாதி அந்தப் பழைய பெடலுக்குத்தான் பொருந்தும்.

பாறை இடுக்கு, கரையோர அலை, அரை நாள் சுற்று என்றால் நான் ஸ்கெக்தான் எடுப்பேன். சாமான் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கப் பக்கக் காற்றில் போவதென்றால், சின்னப் பாயும் கட்டுவதென்றால், சுக்கான். கடையில் உட்கார்ந்து இரண்டு காலாலும் ஓங்கி மிதித்துப் பாருங்கள். பெடல் நகர்ந்தால் அந்தப் படகு வேண்டாம்.